கதவுக்குள் கதவு: ஹீத்ரோவின் ஓய்வுக்கூடங்கள்

விமான நிலையங்களின் வரலாறு பெரும்பாலும் ஓடுபாதைகளின் நீளத்தையும் விமானங்களின் வேகத்தையும் கொண்டே எழுதப்படுகிறது. பயணிகள் காத்திருந்த அறைகளைக் கொண்டு அதை எழுத முற்பட்டால் வேறொரு சித்திரம் கிடைக்கும். ‘லவுஞ்ச்’ என வழங்கும் ஓய்வுக்கூடங்களில் எதில் உணவு சிறப்பு, எதில் இருக்கை சிறப்பு என்று ஒப்பிடும் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை ஒப்பிட உணவைவிடச் சரியான அளவுகோல் ஒன்று உண்டு. வாசலில் யார் அனுமதிக்கப்படுகிறார், யார் நிறுத்தப்படுகிறார் என்பதே அது. லண்டன் ஹீத்ரோவை முன்னிறுத்தி இதைப் பார்ப்போம்.

1946இல் ஹீத்ரோ பொதுமக்கள் பயணத்துக்குத் திறக்கப்பட்டபோது பயணிகளுக்கென்று கட்டடம் இல்லை. இராணுவத்தினர் பயன்படுத்திய கூடாரங்களே முனையமாயின. உள்ளே பூவேலை செய்த துணி போர்த்திய சாய்வு நாற்காலிகள். சிறு மேசைகளின்மேல் பூச்சாடிகள். விமானத்தை அடையச் சேற்றின்மீது பரப்பிய மரப்பலகைகளில் நடக்க வேண்டும். இரயில் நிலையங்களில் வகுப்புக்கொரு காத்திருப்பு அறை கட்டிப் பழகிய நாட்டில், எல்லோரும் ஒரே கூடாரத்தில் அமர்ந்தது சமத்துவக் காட்சியாகத் தோன்றலாம். உண்மை வேறு. அன்று விமானச் சீட்டு வாங்க வல்லவர்கள் மிகச் சிலர். சீட்டின் விலையே மதிலாக நின்றதால் உள்ளே வேறு சுவர் தேவைப்படவில்லை.

ஓய்வுக்கூடம் என்னும் எண்ணம் அட்லாண்டிக்கின் மறுகரையில் முன்பே பிறந்திருந்தது. நியூயார்க்கின் லகார்டியா நிலையம் 1939இல் திறக்கப்பட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அங்கே ‘அட்மிரல்ஸ் கிளப்’ என்ற கூடத்தை அமைத்தது. தன் விமானங்களை அந்நிறுவனம் ‘ஃபிளாக்ஷிப்’, அதாவது தலைமைக் கப்பல், என்றழைத்து வந்தது. கப்பலிருந்தால் கடற்படைத் தளபதியும் வேண்டுமல்லவா! நிறுவனத் தலைவர் சி. ஆர். ஸ்மித்தின் காலத்தில் தோன்றிய அக்கூடத்தில் அழைக்கப்பட்டவர்களே உறுப்பினர். பணமிருந்தால் மட்டும் போதாது; நிறுவனத்தின் கண்ணில் பட்டவராக இருக்க வேண்டும். இது பாகுபாடு என்ற எதிர்ப்பு எழுந்த பின்னரே கட்டணம் செலுத்துவோர் சேரும் வழி பிறந்தது.

இதற்கிடையே மதில் சரியத் தொடங்கியது. 1952இல் வடஅட்லாண்டிக் தடத்தில் சுற்றுலா வகுப்பும் 1958இல் அதனினும் மலிவான எகானமி வகுப்பும் வந்தன. 1970 ஜனவரியில் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 747 தன் முதல் வணிகப் பயணமாக நியூயார்க்கிலிருந்து ஹீத்ரோவுக்குப் பறந்தது. ஒரே விமானத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அமரலாயினர். கூடாரம் நின்ற நிலையத்தில் அதற்குள் மூன்று முனையங்கள் எழுந்திருந்தன. விமானத்தில் ஏறுவதே பெருமை என்ற நிலை மாறியபோது, பெருமைக்கு வேறோர் இடம் தேவைப்பட்டது. 1970களின் இறுதியில் வணிக வகுப்பு உருவானதும், 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘அட்வான்டேஜ்’ என்னும் அடிக்கடி பறப்போர் திட்டத்தைத் தொடங்கியதும் அந்த இடத்தை உறுதிசெய்தன. அழைப்பிதழின் இடத்தில் கணக்கு வந்தது. எத்தனை மைல் பறந்தீர் என்பதே தகுதியாயிற்று.

2008 மார்ச்சில் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் திறக்கப்பட்டபோது பிரிட்டிஷ் ஏர்வேஸ் அமைத்த கூடங்கள் இத்தகுதிகளின் வரைபடம் எனலாம். வணிக வகுப்பினருக்கு ஒன்று. நெடுங்கால விசுவாசத்தால் பொன் அட்டை பெற்றோருக்கு மற்றொன்று. முதல் வகுப்புச் சீட்டுடையோருக்கு ‘கான்கார்ட் ரூம்’. கான்கார்ட் விமானங்கள் 2003 அக்டோபரிலேயே பணியிலிருந்து விலகிவிட்டன. விமானம் போயிற்று, அதன் பெயரில் ஓர் அறை தங்கிற்று. வேகத்தை இழந்தபின் எஞ்சியது தனிமை மட்டுமே என்று இதை வாசிக்கலாம்.

மூன்றாம் முனையத்தில் கதை சற்று வேறு. அங்கே பல நிறுவனங்களின் கூடங்கள் அடுத்தடுத்து உள்ளன. விர்ஜின் அட்லாண்டிக்கின் ‘கிளப்ஹவுஸ்’ கேளிக்கை விடுதிபோல் தன்னைக் காட்டிக்கொண்டது. முடிதிருத்தும் நிலையம்கூட ஒரு காலத்தில் அதற்குள் இருந்தது. ஹாங்காங்கின் கதே பசிபிக் 2016இல் புதுப்பித்த கூடம் வீட்டு அறைபோல் அமைதியானது. நூடுல்ஸ் பரிமாறும் தனி இடம் அதிலுண்டு. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 2017இல் இரண்டு தளங்களில் தன் கூடத்தைத் திறந்தது. இந்நிறுவனங்கள் தத்தம் ஊரின் சாயலை லண்டனில் நட்டுவைத்துள்ளன. கதேயும் குவாண்டாஸும் 1999இல் தொடங்கிய ‘ஒன்வேர்ல்ட்’ கூட்டணியின் நிறுவன உறுப்பினர்கள். ஆகவே அக்கூட்டணியில் உரிய தகுதி பெற்றவர், அதன் விமானத்தில் பறக்கும் நாளில், இரண்டிலும் நுழையலாம். சாயல் வேறு, சாவி ஒன்று.

சாவியும் மலிந்தது. 1992இல் தொடங்கிய ‘பிரையாரிட்டி பாஸ்’ போன்ற திட்டங்களும், பின்னர் கடன் அட்டைகளும், எகானமிப் பயணிகளுக்குச் சில கூடங்களைத் திறந்துவிட்டன. நெரிசலைத் தவிர்க்க உண்டாக்கிய கூடங்களின் வாசலில் வரிசை நீண்டது. உடனே அதற்கப்பால் இன்னொரு கதவு. ஹீத்ரோவில் அரச குடும்பத்தாருக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் உரிய ‘வின்ட்சர்’ அறைகள், இன்று பல ஆயிரம் பவுண்டு செலுத்துவோருக்கும் கிடைக்கின்றன. பாதுகாப்புச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். விமானத்தின் அருகே கார் கொண்டு சேர்க்கும். முனையத்தின் கூட்டத்தை அவர்கள் காண வேண்டியதே இல்லை.

ஒவ்வொரு முறையும் வாசல் அகன்றபோது உள்ளே ஒரு புதிய வாசல் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ஓய்வுக்கூடம் விற்பது நாற்காலியையும் உணவையும் மட்டுமன்று. வெளியே நிற்பவர்களுக்கும் தனக்கும் உள்ள தூரத்தையும் அது விற்கிறது. இதில் நட்டப்பட்டது பொதுக்கூடம். வசதி வேண்டுவோருக்குத் தனி அறை கிடைத்தபின், மற்றவர்களின் இருக்கைக்காக வாதாடச் செல்வாக்குள்ள எவரும் அங்கே மிஞ்சவில்லை. சோதனை முடிந்து வரும் பயணியைக் கடைகளே முதலில் எதிர்கொள்கின்றன. கூடாரத்தில் இருந்தவர்கள் செல்வர்கள்தாம்; ஆயினும் மழைபெய்தால் எல்லோர் காலிலும் ஒரே சேறுதான் ஒட்டியது. பயணம் பலருக்கும் உரியதான பின்னர், காத்திருத்தலையும் பலருக்கும் உரிய மதிப்போடு அமைக்க ஏன் நம்மால் இயலவில்லை என்பதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் கேள்வி.