தமிழில் சொற்செயலி

சொற்செயலி என்பது உரையைத் தட்டச்சு செய்யவும் திருத்தவும் வடிவமைக்கவும் அச்சிடவும் உதவும் கணினி நிரல் ஆகும். 1976இல் மைக்கேல் ஷ்ரேயர் உருவாக்கிய எலெக்ட்ரிக் பென்சில், தனிநபர் கணினிகளுக்கான முதல் சொற்செயலிகளுள் ஒன்று. பின்னர் வேர்ட்ஸ்டாரும் 1983இல் மைக்ரோசாப்ட் வேர்டும் வந்தன. ஆங்கிலத்தில் எழுதுபவர் நிரலைத் திறந்ததும் தட்டச்சைத் தொடங்கலாம். தமிழில் எழுதுபவரோ அதற்கு முன் எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் ஆகிய மூன்றையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

தொடக்க முயற்சிகள்

1980களின் நடுப்பகுதியில் கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் 'ஆதமி' என்னும் தமிழ்ச் சொற்செயலியை உருவாக்கினார். அதே காலத்தில் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார்.

எழுத்துருச் சிக்கல்

அக்கால எழுத்துருக்களில் 256 இடங்களே இருந்தன. தமிழ் எழுத்துகளோ 247. ஆங்கிலத்துக்கும் இடம் வேண்டும் என்பதால் தமிழ் எழுத்துகள் துண்டுகளாக்கப்பட்டன. 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்டது. எந்தத் துண்டு எந்த இடத்தில் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்டது. பாமினி எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் அமர்ந்திருந்தது. மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறியின் இடம். எனவே அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலே தெரிந்தது. அகரவரிசைப்படுத்தலும் சரிவர நடக்கவில்லை.

தரப்படுத்தல்

1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் தரமாக்கப்பட்டன. தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் உள்ளன. க விசையை இருமுறை அழுத்தினால் 'க்க' தோன்றும். 1991இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தாலும், விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழையும் லதா எழுத்துருவையும் கொண்டு வந்த பின்னரே அது சொற்செயலிகளில் பரவலாயிற்று. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது.

இன்று தொடங்குவோருக்கு

இன்று கணினியின் மொழி அமைப்பில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தால் தமிழில் எழுதத் தொடங்கலாம். ஆனால் பழைய கோப்பில் எழுத்துருவை மட்டும் மாற்றினால் உரை ஒருங்குறியாகிவிடாது. குறியேற்ற மாற்றி தேவை. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்பது தெரிந்தால்தான் சரியான மாற்றியைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆகவே பழைய நூல், இதழ்க் கோப்புகளைப் பாதுகாப்போர் எழுத்துருவின் பெயரையும் குறித்து வைப்பது அவசியம். அது தொலைந்தால், கோப்பு இருந்தும் படிக்க முடியாமல் போகலாம்.