செக்சுவாலிட்டி மெர்டேக்கா

மலேசியப் பால்புதுமையர் நடத்திய கலை, உரிமை விழா. 2008 ஆகஸ்டில், நாட்டின் விடுதலை நாளையொட்டி, கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட்டின் பின்புறமிருந்த அன்னெக்ஸ் காட்சிக்கூடத்தில் தொடங்கியது. அக்கூடத்தின் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த பாங் கீ தெய்க்கும் பாடகர் ஜெரோம் குகனும் இதன் நிறுவனர்கள். 2011-இல் காவல்துறை தடுத்து நிறுத்தியது.

மலேசியாவில், பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச்சென்ற தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகளின்படி ஆண்களுக்கிடையிலான உடலுறவுக்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். சில மாநிலங்களின் ஷரியா சட்டங்கள் இன்னும் ஒருபடி மேலே போய், முஸ்லிம் திருநங்கையர் பெண்ணுடை அணிந்து வெளியே வருவதையே குற்றமாக்கின. ஊர்வலம் போக முடியாதவர்களுக்கு ஒரு கூடமும் மேடையும் ஒலிபெருக்கியும் கிடைத்ததே பெரிய காரியம். நாடகம், பாட்டு, திரைப்படம், கதை வாசிப்பு ஆகியவற்றுடன் சட்ட உரிமை குறித்த பட்டறைகளும் அங்கே நடந்தன. பார்க்க வந்தவர் பலர் பேசவும் தொடங்கினர். விழாவின் உண்மையான சாதனை அதுவே. நிறுவனர் இருவரும் தொகுத்த ‘பாடி டு பாடி’ என்ற பால்புதுமையர் படைப்புத் தொகுப்பு 2009-இல் வெளிவந்தது.

2011 நவம்பர் விழாவை, தேர்தல் சீர்திருத்தம் கோரிய பெர்சே இயக்கத்தின் தலைவராக இருந்த வழக்குரைஞர் அம்பிகா சீனிவாசன் தொடங்கி வைப்பதாக இருந்தது. அவர் பெயர் வெளியானதும் அரசியல்வாதிகளும் நாளேடுகளும் கொதித்தெழ, பொது ஒழுங்குக்குக் கேடு என்று சொல்லிக் காவல்துறை தடை விதித்தது. மூன்றாண்டுகள் அமைதியாக நடந்த விழாவால் எந்த ஒழுங்கு கெட்டது என்பதற்கு நேர்மையான விடை கிடைக்கவில்லை. தடையை எதிர்த்து அமைப்பாளர்கள் நீதிமன்றம் சென்றும் பயனில்லை.

2018-இல் ஆட்சி மாறிய பின்னும் நிலை மாறவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் பினாங்கு ஜார்ஜ் டவுன் விழாவின் ஒளிப்படக் கண்காட்சியில், தேசியக் கொடியுடன் நின்ற திருநங்கைச் செயற்பாட்டாளர் நிஷா அயூப், பாங் கீ தெய்க் ஆகியோரின் படங்கள் அமைச்சர் முஜாஹித் யூசோஃபின் உத்தரவால் அகற்றப்பட்டன. ஆபாசம் என்று குறைகூற அப்படங்களில் ஏதுமில்லை. தாமும் இந்நாட்டவர் என்று அவர்கள் சொன்னதே பொறுக்கவில்லை. எனினும் கலை ஓயவில்லை. 2009-இல் உருவான ‘ஷ்ஷ்... டியாம்!’ பங்க் இசைக்குழு தொடர்ந்து பாடிவருகிறது. அதைப் பற்றிய ‘குவியர் ஆஸ் பங்க்’ ஆவணப்படம் 2025-இல் வெளிவந்தது.

மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து சுமார் 1 கிலோமீட்டர் நீளப் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே ஹோங் லிம் பூங்காவில் 2009 முதல் பால்புதுமையருக்கு ஆதரவான ‘பிங்க் டாட்’ ஒன்றுகூடல் நடக்கிறது. 2017 முதல் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே அதில் பங்கேற்கலாம் என்பதால், அன்றாடம் வேலைக்குப் பாலம் கடக்கும் ஜொகூர்க்காரர்களுக்கு அந்த வாசலும் மூடியது. சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை நீக்க 2022-இல் சட்டம் இயற்றியது. மலேசியாவின் 377ஏ, 377பி பிரிவுகள் இன்றும் நடைமுறையில் உள்ளன.