பற்சக்கர எண்ணெயும் திமிங்கிலமும்

மோட்டார் வாகனங்களின் பற்சக்கரங்கள் நெடுநாள் உழைக்க, ஒரு காலத்தில் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. இக்காலத்தில் நம்புவதற்குக் கடினம்தான்.

1926-இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் கார்களின் பின் அச்சில் ஹைப்பாய்டு வகைப் பற்சக்கரங்களைப் பொருத்தியது. இதில் சிறிய சக்கரத்தின் அச்சு, பெரிய சக்கரத்தின் மையத்துக்குச் சற்றுக் கீழே அமைகிறது. ஆகவே உந்துதண்டும் காரின் தளமும் தாழ்ந்தன. ஆனால் பற்கள் உருள்வதோடு நில்லாமல், நீளவாக்கில் கடுமையாக வழுக்கி உரசின. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும். பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்துவிடும்.

இதற்குத் தீர்வாக, ஈய சோப்பும் கந்தகமும் சேர்த்த எண்ணெய்கள் வந்தன. எண்ணெய் வெறுமனே வழவழப்பைத் தருகிறது என்றே மாணவர்கள் பலரும் எண்ணுகின்றனர். இங்கு நடப்பதோ ஒரு வேதிவினை. உரசும் இடத்தின் வெப்பத்தில் கந்தகம் இரும்புடன் வினைபுரிந்து, மெல்லிய இரும்பு சல்பைடு படலத்தை உண்டாக்குகிறது. அப்படலம் தேயும், மீண்டும் உருவாகும், பல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதே கந்தகம் பித்தளை, வெண்கல உறுப்புகளை அரிக்கக்கூடும். பின் அச்சு எண்ணெயை எந்தக் கியர் பெட்டியிலும் ஊற்றலாம் என்பது தவறு.

கந்தகத்தை எண்ணெயில் சீராகத் தாங்கி நிற்க நல்லதோர் ஊடகம் தேவைப்பட்டது. எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் அதற்கு மிகப் பொருத்தமாக இருந்தது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை கொழுப்புகள். திமிங்கில எண்ணெயோ பெரும்பாலும் திரவ மெழுகு. கந்தகமேற்றிய பின்னும் அது கனிம எண்ணெயில் நன்கு கரைந்தது. தானியங்கிக் கியர் பெட்டிகளிலோ, கிளட்ச் தட்டுகள் குலுங்காமல் பற்றிக்கொள்ள உதவியது.

1970-இல் அமெரிக்கா இத்திமிங்கிலத்தை அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் இறக்குமதி நின்றது. ஒரே பொருள் செய்த வேலைகளைச் செயற்கை எஸ்டர்கள், கந்தகமேற்றிய பிற கொழுப்புகள் எனப் பலவற்றுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. மிக நெருங்கிய மாற்று, வட அமெரிக்காவின் சொனோரன் பாலைவனப் புதரான ஹொஹோபா. அதன் விதையில் ஏறத்தாழ பாதி திரவ மெழுகுதான். ஆனால் விலை அதிகம். இன்று அதன் பெரும்பகுதி அழகுசாதனப் பொருள்களுக்கே செல்கிறது.