நம்மூரின் பழைய படங்கள் எங்கே?

இங்கிலாந்தில் பிரான்சிஸ் ஃபிரித் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். 1822-இல் பிறந்தவர். எகிப்து, பாலஸ்தீனம் என்று கேமராவோடு அலைந்து படமெடுத்துப் பெயர் வாங்கியவர். 1860 வாக்கில், தன் நாட்டிலுள்ள ஒவ்வொரு ஊரையும் படமெடுத்து வைத்துவிட வேண்டும் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். 1898-இல் அவர் காலமான பிறகும் வேலை நிற்கவில்லை. 1970 வாக்கில் நிறுவனத்தை மூடியபோது சுமார் 7000 ஊர்களின் படங்கள் சேர்ந்திருந்தன. இன்றைக்கு அந்த நாட்டில் ஒரு பெரியவர் தான் பிறந்த கிராமத்தின் பெயரைச் சொன்னால் போதும், அவருடைய தாத்தா காலத்தில் அந்தத் தெரு எப்படி இருந்தது என்று பெரும்பாலும் எடுத்துக் காட்டிவிடுவார்கள்.

கட்டுமாவடிக்கு அப்படி ஒரு படம் உண்டா? பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கடைத்தெருவையோ, மீன் ஏலம் போடும் இடத்தையோ, வள்ளங்கள் நிற்கும் கரையையோ அறுபது வருஷத்துக்கு முன்னால் எடுத்த படம் ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை. கிடைத்ததெல்லாம் மனிதர்களின் படங்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் கார்டிலிருந்தே தொடங்குகிறேன். 1902-இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை ஒரு சின்ன விதியை மாற்றியது. தபால் அட்டையின் ஒரே பக்கத்தில் விலாசத்தையும் செய்தியையும் எழுதலாம் என்றது. அதனால் மறுபக்கம் முழுவதும் படத்துக்கு என்று ஆனது. அந்த ஊர்க்காரர்கள் பட அட்டைகளை வாங்கித் தள்ளினார்கள். குக்கிராமத்துக் கடையில்கூட அந்த ஊர்த் தெருவின் படம் விற்பனைக்கு இருந்தது. வாங்க ஆள் இருந்ததால் எடுக்க ஆள் வந்தான். நமக்கு 1879-இல் வந்தது காலணா கார்டு. அதில் இரண்டு பக்கமும் எழுத்துத்தான். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி ஓரத்தில் தலைகீழாகவும் எழுதி முடித்துவிடுவோம். படத்துக்கு அதில் ஏது இடம்?

வெள்ளைக்காரர்கள் நம் பக்கம் படமே எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. கம்பெனிப் படையில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 கடைசியிலும் 1858-லும் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அப்போது பிலிம் கிடையாது. மெழுகு தடவிய காகிதத்தில்தான் நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக ஒட்டினார். ஏறக்குறைய 19 அடி நீளம்! புதுக்கோட்டைக்கென்று தனியாக ஒரு படத்தொகுப்பே 1858-இல் வந்தது. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று திட்டத்தை நிறுத்திவிட்டார்.

டிரைப் எடுத்தவை பெரும்பாலும் கோயிலும் கோட்டையும் அரண்மனையும். நம்மூர் அந்தக் கணக்கில் வரவில்லை. இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டம் என்று சொல்கிறோமே தவிர, நாம் சமஸ்தானத்துக் குடிகளாக இருந்ததில்லை. தொண்டைமான் சீமைக்குக் கடற்கரையே கிடையாது. நம் கரை ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் அந்தப் பக்கம் போனோம். மன்னர் இருந்த இடத்துக்குக் கேமரா போனது. கலெக்டர் ஆபீசுக்கு எட்டாத தூரத்தில் இருந்த மீன்பிடி ஊருக்கு வரவில்லை.

நம் கடலுக்குக்கூட வெள்ளைக்காரர் பெயர்தான். பாக் நீரிணை என்பதிலுள்ள பாக், சென்னையில் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக். வடக்கே சேதுபாவாசத்திரம் தாண்டினால் மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர்கள் வென்றதைக் கொண்டாட சரபோஜி மன்னர் 1814-இல் கட்டியது. எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு நம் கரையில் எட்டு அடுக்கில் ஞாபகச் சின்னம் இருக்கிறது. அதே கரையில் வலை இழுத்தவர்களுக்கு ஒரு படம்கூட இல்லை.

அப்படியானால் கேமரா நம்மிடம் எப்போது வந்தது? ரயில் வந்த பிறகு என்று சொல்லலாம். தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்ட மீட்டர்கேஜ் பாதை 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை வந்து, 1902-இல் பட்டுக்கோட்டைக்கும் 1903 கடைசியில் அறந்தாங்கிக்கும் நீண்டது. ரயில் நின்ற ஊர்களில் கடைகள் பெருகின. பின்னால் ஸ்டுடியோக்களும் வந்தன. என் சிறுவயதில் படம் பிடிக்க வேண்டுமென்றால் பேராவூரணி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை என்று பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

அந்தப் பயணம் உங்களுக்கும் நினைவிருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, பவுடர் பூசி, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போவோம். ஸ்டுடியோவில் அரண்மனைப் படிக்கட்டும் பூந்தோட்டமும் வரைந்த திரை தொங்கும். கோட்டும் கைக்கடிகாரமும் அங்கேயே இரவல் கிடைக்கும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் "ஆடாம இருங்க, கண்ணச் சிமிட்டாதீங்க" என்பார். சிரிக்கச் சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதனால்தான் நம் பெரியவர்கள் எல்லாரும் படத்தில் கோபமாக இருப்பதுபோலத் தெரிகிறார்கள்.

பலர் ஆசைக்காகப் போகவில்லை. படமெடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்த காலம் அது. கொழும்புக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போக பாஸ்போர்ட் வேண்டியிருந்தது, அதற்குப் படம் வேண்டியிருந்தது. நம் பகுதி ஆண்கள் பலருக்கு முதல் படமே அதுதான். முஸ்லிம் வீடுகளில் ஆட்களின் படத்தைச் சுவரில் மாட்ட மாட்டார்கள். மக்காவின் படம்தான் இருக்கும். ஆனால் டிரங்குப் பெட்டிக்குள் பத்திரங்களோடு ஒரு பாஸ்போர்ட் படம் கிடக்கும்.

பெண்களுக்கு அதுவும் இல்லை. கல்யாணத்தில் எடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் இறந்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, சுற்றிலும் பிள்ளைகள் நிற்க ஒரு படம். உயிரோடு இருந்தபோது ஒரு முறையும் கேமராவைப் பார்க்காத அப்பத்தாக்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர்!

மற்ற வீடுகளில் இந்தப் படங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு, உத்திரத்துக்குக் கீழே முன்பக்கம் சாய்ந்தபடி தொங்கும். பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டும். வைக்கோல் விழுகிறது என்று யாரும் கலைக்க மாட்டார்கள். ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்தபோது சட்டங்கள் இறங்கின. பரணுக்குப் போனவற்றைக் கரையான் தின்றது. உப்புக்காற்றில் படங்கள் மஞ்சளாகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டன. 1955 புயல், 1977 புயல் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொண்டுபோனது. மிச்சத்தை 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா பார்த்துக்கொண்டது. தென்னையும் படகும் போனதற்குக் கணக்கு எடுத்தார்கள். ஓடு பறந்த வீடுகளில் நனைந்து முகம் கரைந்துபோன படங்களுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. ஸ்டுடியோக்களிலும் இதே கதைதான். பக்கத்து ஊர் ஸ்டுடியோ ஒன்றை மூடியபோது கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிக் கழுவி, சட்டம் போடுகிறவருக்கு விற்றதை நானே பார்த்தேன்.

இருந்தும், படம் அழிவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கஜாவுக்கு இரண்டு வருஷம் முன்பு இலங்கையிலிருந்து ஒரு பெண் நம்மூருக்கு வந்தாள். கையில் ஒரு படம். அரண்மனைத் திரைக்கு முன்னால் மூன்று வாலிபர்கள். வலது ஓரத்தில் நிற்பவர் அவளுடைய தாத்தா. ஊர் கட்டுமாவடி என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவருடைய சொந்தபந்தம் யாராவது இருக்கிறார்களா என்று தேடி வந்தவளுக்குத் தாத்தாவின் தகப்பனார் பெயர்கூடத் தெரியாது. படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரை தவிர ஒன்றும் இல்லை.

தொண்ணூறை நெருங்கிய ஓர் அம்மாவிடம் அழைத்துப் போனேன். படத்தைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்கள். "நடுவுல நிக்கிறது எங்க சின்னய்யா மகன். சுண்டுவிரலப் பாரு, வளைஞ்சிருக்கா? வள்ளத்துல கயிறு இழுத்து ஒடிஞ்சது" என்றார்கள். உண்மையிலேயே வளைந்திருந்தது. அந்தப் பெண் ஆவலாக வலது ஓரத்தைக் காட்டினாள். "இவுகளத் தெரியலத்தா. எங்க அக்கா இருந்தா சொல்லியிருப்பா" என்றார்கள். அக்கா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் பெண் நடுவில் நின்றவரின் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். படம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு கீறல் இல்லை. யார் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி எடுத்துக் கணினியில் ஏற்றியிருக்கிறது. பெரிய காரியம். ஆனால் படத்தில் நிற்பவர் இன்னாருடைய மாமன், இந்த வருஷம் கப்பல் ஏறினார் என்பதை வெளியிலிருந்து வருகிறவர் எழுத முடியாது. ஃபிரித்தின் படங்களில் தெருவின் பெயர் இருக்கும், அதில் நடந்து போகிறவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. நம்மிடம் தெருவின் படம் இல்லை, முகங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அந்த முகங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த கடைசித் தலைமுறை நாம்தான்.

ஆகவே எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே வீட்டிலுள்ள படங்களை எடுங்கள். பின்பக்கம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். இடமிருந்து வலமாகப் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தெரிந்தால் வருஷம். தெரியாத முகத்துக்கு ஒரு கேள்விக்குறி போடுங்கள். உத்தேசமாக ஒரு பெயர் வேண்டாம். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, நிழலான இடத்தில் வைத்து, பிளாஷ் இல்லாமல் செல்போனில் அப்படியே எடுக்கச் சொல்லுங்கள். பிறகு பிளாஸ்டிக் பையில் கட்டாமல் காகித உறையில் வையுங்கள்.

எழுத்து வராது என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பென்சிலோடு நானே வீட்டுக்கு வருகிறேன்.