ஆனைமேல் துஞ்சிய இளவரசர்

வரலாற்று வகுப்பில் காகமேலா போரைப் (கி.மு. 331) படித்தது நினைவிருக்கிறதா? பாரசீக அணியில் விழுந்த இடைவெளிக்குள் குதிரைப்படையோடு புகுந்த அலெக்சாண்டர், நேரே தாரியஸ் மன்னரைக் குறிவைத்தார். மன்னர் ஓடினார், அத்தனை பெரிய சேனையும் கலைந்தது.

நம்ம பக்கத்திலேயே இதற்கு ஒரு ஜோடி உண்டு. கி.பி. 949, அரக்கோணம் அருகே தக்கோலம். இராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனை எதிர்த்துச் சோழப்படையை நடத்தியவர் முதலாம் பராந்தகனின் மகன் இராஜாதித்தர். யானைமேல் இருந்தால் தலைவனைப் படை முழுதும் பார்க்கலாம்; எதிரியும் பார்க்கலாமே! கங்க மன்னன் பூதுகன் அவரை யானைமேலேயே வீழ்த்தினான். தாரியஸ் ஓடினார், இவர் ஓடவில்லை. ஆனாலும் முடிவு ஒன்றுதான்: சோழர் தோற்றனர், தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது.

கல்வெட்டுகள் அவரை 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்கின்றன. நான் குடியிருக்கும் மாடம்பாக்கத்தில், தேனுபுரீஸ்வரர் கோயில் விமானம் தூங்கானை மாட வடிவம். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான். அவரிடம் வீரத்துக்குப் பஞ்சமில்லை. அவர் விழுந்தால் களத்தில் அடுத்து யார் என்பதற்குத்தான் பதில் இல்லாமல் போச்சு என்று தோன்றுகிறது. சங்கப் பொறுப்புகளை இப்போதே இளையவர்களிடம் பகிர்ந்து கொடுப்போம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் நான் நச்சரிப்பது இதனால்தான்!