தண்ணீரிலிருந்து வெயில் வரை



நேற்று கரண்ட் பில் கட்டும்போது பேரன் கேட்டான்: "தாத்தா, கரண்டுக்காக கவர்மெண்ட் எதுலெல்லாம் பணம் போட்டுச்சு?" வகுப்பில் நான் நடத்தாமல் விட்ட பாடம் இது.

முதலில் தண்ணீர். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது, மேட்டூர் 1937இல். இரண்டும் சென்னை மாகாண அரசே பணம் போட்டுக் கட்டியவை. ஆனால் மழை பொய்த்தால் மின்சாரமும் பொய்க்கும். அதனால் அடுத்தது பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலியில் மத்திய அரசு நிறுவனம் அமைந்தது. 1962இல் மின்சாரம் வந்தது. சுரங்கத்துக்காக ஊர்களே இடம்பெயர்ந்தன. பிறகு அணு: 1983இல் கல்பாக்கத்தின் முதல் உலை இயங்கியது.

1986இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் சோதனைக்காக அரசே காற்றாலை வைத்தது. பின்னர் முப்பந்தலில் பெருகியவை பெரும்பாலும் தனியாருடையவை. அரசு கொடுத்தது வரிச்சலுகை.

2016இல் கமுதியில் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையமும் தனியார் கட்டியதே. யூனிட் 7.01 ரூபாய்க்கு 25 ஆண்டுகள் வாங்குவதாக மின்வாரியம் ஒப்பந்தம் போட்டது. 2017இல் ராஜஸ்தானின் பட்லாவில் ஏலம் 2.44 ரூபாய்க்கு இறங்கிவிட்டது!

அன்று அரசு முதல் போட்டது; இன்று வாக்குக் கொடுக்கிறது. இரண்டுக்கும் பணம் நம்முடையதுதான். அணை கண்ணுக்குத் தெரியும், ஒப்பந்தம் தெரியாது. பிள்ளைகளே, அதையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்