மழையில் தேறிய தோட்டா

வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவுக்கு முதலில் வாய்த்த உடம்பு காகிதம். 1830-களில் பாரிஸில் காசிமிர் லெஃபோஷே, அடியில் பித்தளையும் மேலே காகிதக் குழாயுமாக அதை உருவாக்கினார். பின்னால் வந்தவர்கள் காகிதத்துக்கு மெழுகேற்றினார்கள். விலை மலிவு, எடையும் குறைவு. நூறாண்டுக்கு மேல் வேட்டைக்காரர்களின் பையில் இருந்தது இதுதான்.

ஆனால் வாத்து வேட்டை நடப்பது சதுப்பு நிலத்தில், அதுவும் மழைக்காலத்தில். கோட்டுப் பை நனைந்தால் மெழுகையும் மீறிக் காகிதம் ஈரம் குடித்து உப்பிவிடும். உப்பிய தோட்டா துப்பாக்கி அறைக்குள் பாதி வழியிலேயே நின்றுவிடும். அழுத்தித் திணித்துச் சுட்டால் தொல்லை இன்னும் அதிகம். வெற்றுக் கூட்டை இழுக்கும் கொக்கி பித்தளை அடியை மட்டும் பிய்த்துக்கொண்டு வரும். காகிதக் குழாய் உள்ளேயே ஒட்டிக் கிடக்கும். அடுத்த தோட்டாவுக்கு வழியில்லை.

முதல் உலகப்போரின் பதுங்குகுழிச் சேற்றில் அமெரிக்கப் படைக்கும் இதே கதிதான். அதனால் இரண்டாம் உலகப்போரில் முழுப் பித்தளையில் எம்19 தோட்டா வந்தது. பித்தளை உப்பாது, பலமுறை மருந்து நிரப்பிச் சுடலாம். ஆனால் விலையும் எடையும் கூடுதல். வாயை மடித்து மூடாமல், ரவைக்கு மேல் அட்டை வில்லை வைத்துப் பசையாலோ மெழுகாலோ அடைப்பது வழக்கம். அந்த விளிம்பில் விரிசல் விட்டால் மருந்து நமுத்துப்போகும். தோல் பட்டையில் செருகியே வைத்திருந்தால் பச்சைக் களிம்பு ஏறும்.

1960-இல் ரெமிங்டன் பிளாஸ்டிக் கூட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்ணீரில் விழுந்ததை எடுத்துத் துடைத்துப் போட்டாலும் அறைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். சில ஆண்டுகளிலேயே காகிதம் ஓரங்கட்டப்பட்டது. இன்றும் காகிதத் தோட்டா கிடைக்கிறது. தட்டு சுடும் போட்டிக்காரர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள். வெயில் நாளுக்கு அது நல்ல தோட்டாதான்.

மழைக்கு என் தேர்வு பிளாஸ்டிக்கே. அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் காகிதம் மக்கிப்போகும் சேற்றில் இது மக்காது. கூட்டோடு, உள்ளே ரவையைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணமும் நீரில் மிதந்துபோய்க் கடற்கரைகளில் ஒதுங்குகிறது. தொலைவில் போய் விழும் கிண்ணத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. அதற்குப் பதில் நார் அடைப்பு வைத்த தோட்டாவாகக் கேட்டு வாங்குங்கள். காலடியில் விழும் கூட்டைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.